குரலை எரித்த பெட்டி

குரல்காரம்மாவால் கத்த முடியாது. அதனால்தான் அவர் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து சதுரங்கப் பலகையின் மேல் வைத்தார்.

வைத்தார் என்று சொல்வதெல்லாம் மரியாதைக்கு. போட்டார். மந்திரி பறந்தார், குதிரை நாற்காலிக்கு அடியில் ஓடியது, ராஜா கண்டக்டரின் மடியில் தஞ்சம் புகுந்தார். கண்டக்டர் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டம் என்பதால் அவருக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை.

"யாரும்மா நீங்க? வீடு மாறி வந்துட்டீங்களா?" என்றார் கண்டக்டர்.

அந்த அம்மாள் கழுத்தில் சுற்றியிருந்த துணியைத் தொட்டுக் காட்டினார். பிறகு கைப்பையிலிருந்து எழுதி அழிக்கிற சிறிய பலகையை எடுத்து, பேனா உடைந்துவிடும் போல அழுத்தி எழுதினார்: "என் குரலைக் கொன்னுட்டாங்க."

எதிரே உட்கார்ந்திருந்தவர் பலகையைப் படித்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், கடைசியாக அந்த அம்மாளைப் பார்த்தார். "உக்காருங்கம்மா. மெதுவா எழுதுங்க. நாங்க எங்கயும் போகப் போறதில்ல" என்றார்.

அவர்தான் சாம்பலார். எரிந்த கட்டடங்களுக்குள் புகுந்து, தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்தார்களா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவர் செய்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பட்டப்பெயர் அவரை விடவில்லை; எரிந்த பொருளோடு யாராவது தேடி வருவதும் நிற்கவில்லை. அவர் மகளைத்தான் கண்டக்டரின் மகன் கட்டியிருந்தான். சம்பந்திகள் என்றால் கல்யாணத்தன்று ஆரம்பித்து ஆயுசுக்கும் முறைத்துக்கொள்வார்கள். இவர்கள் இருவரும் என்னவோ ஒட்டிக்கொண்டார்கள். கண்டக்டர் வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடித்துவிடுவேன் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையால் எத்தனை பேரிடம் அசடு வழிந்தார் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

அம்மாள் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கோபம் ஏற ஏற எழுத்து பெரிதாகிக்கொண்டே போனது. சினிமாவில் மற்றவர்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைத்தவர் அவர். தொண்டையில் நோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். அறுவைக்கு முன்னால் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, வாரக்கணக்கில் தன் குரலைப் பதிந்து வைத்தார். அந்தப் பதிவைக் கொடுத்தால், அவர் எழுதுவதை அவருடைய குரலிலேயே பேசுகிற கருவி ஒன்றை ஒரு கம்பெனியில் செய்து தருவார்கள்.

"நன்றி, மன்னிக்கவும், தண்ணி வேணும்னு படிச்சுப் பதியறதுக்கு ஒரு பட்டியல் கொடுத்தாங்க. திட்டறதுக்கு ஒரு வரி இல்ல. நானே சேர்த்துக்கிட்டேன்" என்று எழுதியபோது அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

பதிவு இரண்டு டிஸ்க்குகளில் இருந்தது; ஒன்று அசல், ஒன்று நகல். இரண்டும் அந்தக் கம்ப்யூட்டரின் ஒரே கேபினெட்டுக்குள். வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துக்கொண்டு அலைகிற புத்திசாலித்தனம் அது. கேட்கும்போதே கண்டக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன திங்கட்கிழமை காலை, பதிவை வாங்கிக்கொள்ள இவர் போயிருக்கிறார். ஸ்டூடியோ முதலாளி சுவிட்சைப் போட்டார். உடனே எல்லாம் முடிந்தது. அதற்கு முந்தின வாரம்தான் கீழ்த்தளத்து ரிப்பேர் கடைப் பெண் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டியைப் புதிதாக மாற்றியிருந்தாள். அவள் கை வைத்ததால்தான் போச்சு என்றார் முதலாளி.

"அவ கடை போர்டைக் கிழிச்சுப் போட்டேன். இன்னைக்கு ஸ்டூடியோவுக்குப் போய் இதையும் தூக்கிட்டு வந்துட்டேன். போலீஸ்ல சொல்லட்டும்" என்று எழுதினார் அம்மாள்.

"கிழிச்சது சரிதாம்மா!" என்று தொடையில் தட்டினார் கண்டக்டர். "வேலை தெரியாதவங்க எல்லாம் கடை திறந்துட்டா இப்படித்தான்."

சாம்பலார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "சுவிட்ச் போட்டதும் எரிஞ்சுதா, இல்ல நடுவுல ஏதாவது சத்தம் கேட்டுச்சா? உங்க காது சாதாரணக் காது இல்ல. யோசிச்சு எழுதுங்க."

அம்மாள் கண்ணை மூடினார். பிறகு எழுதினார்: "விர்ருன்னு ஒரு ஃபேன் இரைச்சல். ரெக்கார்டிங் நாள்ல இல்லாத இரைச்சல். அப்புறம் டிக்குனு ஒரு சத்தம். அப்புறம் தீஞ்ச வாசனை."

"நல்லது" என்றார் சாம்பலார். இதில் என்ன நல்லது இருக்கிறது என்று கண்டக்டருக்கு விளங்கவில்லை.

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினார்கள். உள்ளே கேபிள்கள் ஜடை வாரியது போல ஒழுங்காகப் போய், இடையிடையே பட்டையால் கட்டப்பட்டிருந்தன. கீழ் மூலையில் பவர் சப்ளை பெட்டி; அதன் ஃபேன் தரையைப் பார்த்திருந்தது. அத்தனை அழகாக வந்த கேபிள் கட்டு, பெட்டியில் சொருகுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டிருந்தது. சாம்பலார் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு டிஸ்க்குகளைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தார். அவற்றின் தலைகளில் பழைய தூசு கெட்டியாகப் படிந்திருந்தது.

தன் வீட்டுத் திரையை இணைத்துச் சுவிட்சைப் போட்டார். கண்டக்டர் குனிந்து காதை வைத்தார்.

"சம்பந்தி, ஓடவே இல்லையே. செத்தே போச்சு."

"திரையைப் பாருங்க சம்பந்தி."

திரையில் வெளிச்சம் வந்திருந்தது. கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருந்தது. இரண்டு டிஸ்க்குகளையும், சிடி போடுகிற தட்டையும் மட்டும் காணவில்லை என்றது. அந்த மூன்றுக்கும் மின்சாரம் போவது ஒரே கேபிள் வழியாக.

"வாங்க, ஸ்டூடியோவுக்குப் போவோம்" என்றார் சாம்பலார். "இதையும் எடுத்துக்கலாம்."

எடுத்துக்கொண்டது கண்டக்டர். சம்பந்தி மரியாதை அப்படி.

ஸ்டூடியோ இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ரிப்பேர் கடை இருந்தது. பாதி கிழிந்த போர்டு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கடைப் பெண் குரல்காரம்மாவைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் விட்டெறிந்தாள்.

"மிச்சப் போர்டையும் கிழிக்க வந்தீங்களா? துணைக்கு ரெண்டு பேர் வேறயா?"

"ஒரு கேள்விதாம்மா" என்றார் சாம்பலார். "இந்தப் பெட்டியை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

அவள் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. திட்டு வாங்கித் திட்டு வாங்கி, கேள்வி கேட்கிற ஆள் இருப்பதே மறந்திருந்தது போலும். ஆனால் கோபம் குறையாமலே பதில் சொன்னாள்.

"பழைய பெட்டியோட ஃபேன் சத்தம் ரெக்கார்டிங்ல ஏறுதுன்னாங்க. அந்த மெஷின் இழுக்கற கரண்ட் கொஞ்சம்தான். அதுக்கு ரெண்டு மடங்கு தாங்கற பெட்டியா பாத்துப் போட்டேன். பாதி பாரத்துல ஓடினா சூடாகாது. சூடாகலைன்னா இதுல ஃபேன் சுத்தவே சுத்தாது. பிணவறை மாதிரி இருக்கும். பழைய கேபிள் ஒண்ணு கூட விடாம உருவிட்டு, புதுப் பெட்டியோட வந்த கேபிளையே போட்டு, உக்காந்து கட்டினேன். அந்த வாரம் பூரா ஓடுச்சு. ஓடுச்சா இல்லையா, அவங்களையே கேளுங்க!"

"பெட்டியை எப்படி வெச்சீங்க?"

"ஃபேன் மேல பாக்கற மாதிரி. எல்லாரும் கீழ பாக்கத்தான் வெப்பாங்க. ஆனா மேல ரூமுக்குப் போய்ப் பாருங்க, தரை பூரா மெத்து மெத்துனு கம்பளம். அந்தக் கம்பளத்து மேலதான் கேபினெட் நிக்கும். ஃபேனைக் கீழ பாக்க வெச்சா, என்னைக்காவது அது சுத்த வேண்டி வந்தா கம்பளம் வாயைப் பொத்திரும்."

கண்டக்டர் வாயைத் திறந்தார். இப்போது ஃபேன் கீழேதானே பார்க்கிறது என்று போட்டு உடைக்கப் பார்த்தார். சாம்பலார் அவர் காலை மிதித்தார். பொய் சொல்லும்போதே மாட்டிக்கொண்டாள் என்று கண்டக்டர் மனசுக்குள் டிக்கெட் கிழித்துவிட்டார்.

"நீங்களும் மேல வாங்கம்மா" என்றார் சாம்பலார். "கரண்ட் பாக்கற மீட்டரும் ஈயம் பற்றவைக்கிற கோலும் எடுத்துக்குங்க."

"நான் எதுக்கு வரணும்? வாங்கினது போதாதா?"

"வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள்.

மேலே ஸ்டூடியோ முதலாளி வாசலிலேயே பொரிந்து தள்ளினார். திருட்டுக் கேஸ் கொடுப்பேன், வக்கீலைக் கூப்பிடுவேன் என்று ஒரே ஆட்டம். கேபினெட் முழுசாகத் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகுதான் சுருதி இறங்கியது. "எனக்கு ஸ்க்ரூ டிரைவர் எந்தப் பக்கம் பிடிக்கணும்னு கூடத் தெரியாது சார். நம்பி வேலை கொடுத்தேன். இந்தப் பொண்ணு என் மெஷினைக் கொளுத்திட்டா" என்றார்.

"திங்கட்கிழமை எரிஞ்ச பிறகு நீங்க எங்க இருந்தீங்க?"

"முன் ரூம்ல. இந்த அம்மா நாற்காலியைத் தூக்கி எறிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. சமாதானம் பண்ணி அனுப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

குரல்காரம்மா அதை மறுக்கவில்லை.

அங்கே ஒருவர்தான் கத்தவில்லை. சவுண்ட் இன்ஜினியர். அம்மாளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், ஃபேனை அவர் பக்கம் திருப்பினார், எல்லோருக்கும் டீ வரவழைத்தார். அம்மாள் குரல் பதிந்த நாளெல்லாம் கண்ணாடிக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அம்மாள் அவரைப் பார்த்தபோது மட்டும் முகத்தில் கடுப்பு கொஞ்சம் தணிந்தது. கண்டக்டருக்கும் அவரை உடனே பிடித்துப்போனது. இந்த முகம் டிக்கெட் எடுத்த முகம் என்று முடிவு கட்டிவிட்டார்.

"பாவம் சார், அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க" என்றார் சவுண்ட் இன்ஜினியர் தணிந்த குரலில். "கரண்ட் திடீர்னு ஏறியிருக்கும். ஏன்னா அதுக்கு முந்தின நாள் எங்க வீட்டுலயும் என் மெஷின் போச்சு. நான் இருக்கறது ஊரோட அந்தக் கடைசியில. அங்கயும் ஏறியிருக்கு பாருங்க."

"அடடா. மொத்தமா போச்சா?"

"இல்ல சார், டிஸ்க் மட்டும்தான். மத்ததெல்லாம் ஓடுது."

"வீட்டுல எதுக்கு மெஷின்? சும்மாவா, வேலை பாக்கவா?"

"வீடியோ வேலை கொஞ்சம் எடுத்துச் செய்யறேன். புதுசா பெரிய கிராஃபிக்ஸ் கார்டு கூட வாங்கிப் போட்டேன். நல்ல நேரம் இல்ல."

"இந்த டிஸ்க்குகளை யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"காட்டாம இருப்பேனா? டேட்டா எடுக்கற இடத்துக்குக் கொண்டு போனேன். உள்ள கருகிடுச்சு, ஒண்ணும் தேறாதுன்னுட்டாங்க." அவர் அம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மா, மனசைத் தேத்திக்குங்க. இனி அதை நினைக்காதீங்க."

அம்மாள் பலகையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பார்த்த கண்டக்டருக்கு நெஞ்சு கொதித்தது. கடைப் பெண்ணை ஒரு முறை முறைத்தார். அவள் திருப்பி முறைத்தாள்.

சாம்பலார் பதிவு அறைக்குப் போய், கம்பளத்தில் கேபினெட் நின்ற பள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்தார். எல்லோரையும் முன் அறையில் உட்காரச் சொன்னார். கேபினெட்டை மேசையில் படுக்க வைத்துத் திறந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"நான் நெருப்பு பாத்துப் பழகினவன்" என்று ஆரம்பித்தார். "நெருப்பு எந்த வழியா வந்துச்சுன்னு பாப்பேன். வழி தெரிஞ்சா ஆள் தெரிஞ்சிடும். வெளியில இருந்து கரண்ட் ஏறி வந்தா, முதல்ல யாரைக் கடிக்கணும்? வாசல்ல நிக்கற பவர் சப்ளையை. அது நல்லா இருக்கு. அதுக்கு அடுத்து மதர்போர்டு. அதுவும் நல்லா இருக்கு. ஒரே கேபிள்ல தொங்கின மூணு பேர் மட்டும் செத்திருக்காங்க. அப்ப விஷம் வெளியில இருந்து வரல. பெட்டிக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல, அந்தக் கேபிள்ல இருந்திருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன்!" என்று குதித்தார் முதலாளி. "கேபிளைத் தப்பா மாட்டிட்டா!"

"தப்பா மாட்டியிருந்தா மாட்டின அன்னைக்கே எரிஞ்சிருக்கும். ஒரு வாரம் பொறுமையா காத்திருக்காது. நீங்க சொல்லுங்கம்மா" என்று கடைப் பெண்ணிடம் திரும்பினார். "ஒரு பெட்டியோட கேபிளை இன்னொரு பெட்டியில மாட்டினா என்ன ஆகும்?"

"சொருகற வாய் ஒரே மாதிரி இருக்கும். ஒரே கம்பெனின்னா கேட்கவே வேணாம், கச்சிதமா உக்காரும். ஆனா டிஸ்க்குக்குப் போற கேபிள்ல, எந்த ஓட்டையில எந்த வோல்ட் வருதுன்னு மாடலுக்கு மாடல் மாறும். அஞ்சு வோல்ட் போக வேண்டிய வழியில பன்னெண்டு போகும். டிஸ்க் காலி." சொல்லிவிட்டு அவளே நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா இங்க அப்படி இல்லையே. பெட்டியும் என்னுது, கேபிளும் என்னுது. ஜோடி சரியாத்தான் இருக்கு."

"இப்ப சரியா இருக்கு" என்றார் சாம்பலார். "திங்கட்கிழமை காலையில இருந்துச்சா? இந்தப் பெட்டி சத்தமே போடாதுன்னீங்க. என் சம்பந்தி இன்னைக்குக் காலைல காதை வெச்சுக் கேட்டுட்டு, செத்துப்போச்சுன்னே சொல்லிட்டார். அன்னைக்கு எரியறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு விர்ருன்னு ஃபேன் சத்தம் கேட்டிருக்கு. அம்மாவோட காதை நான் நம்பறேன். அப்ப அந்த நேரத்துல உள்ள இருந்தது வேற பெட்டி. எரிஞ்ச பிறகு யாரோ அதை எடுத்துட்டு இந்தப் பெட்டியைத் திருப்பி வெச்சிருக்காங்க."

"அப்படின்னு அந்தப் பொண்ணு சொல்றா. ஃபேன் மேல பாக்க வெச்சேன்னு அவ சொன்னது பொய்தானே சம்பந்தி?" என்று கண்டக்டர் அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்து விட்டார். "பாருங்க, கீழ பாத்துதான் இருக்கு!"

"நல்லா ஞாபகப்படுத்தினீங்க." சாம்பலார் பெட்டியின் நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றினார். கேபிள்களைப் பிடுங்காமலே பெட்டியை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார். கேபிள் கட்டில் விழுந்திருந்த முறுக்கு தானாக அவிழ்ந்து, எல்லாக் கேபிள்களும் நேராகப் படுத்துக்கொண்டன. "ஃபேன் மேல பாக்க இருந்தப்ப அளவு பாத்துக் கட்டின கட்டு இது. திருப்பி வெச்சவர் அவசரத்துல வழக்கம் போலக் கீழ பாக்க வெச்சுட்டார். அவசரம் இருக்காதா? முன் ரூம்ல அம்மா நாற்காலி எறிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க ஓயறதுக்குள்ள முடிக்கணும்."

முதலாளி பெட்டியைக் குனிந்து பார்த்தார். "யார் சார்? எதுக்கு?"

"பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்ட ஒருத்தர். அவர் வீட்டுப் பெட்டியால அதுக்குத் தீனி போட முடியல. மெஷின் பட்டு பட்டுனு அணைஞ்சுக்கிட்டே இருந்திருக்கும். இங்க ரெண்டு மடங்கு தாங்கற பெட்டி சும்மா உக்காந்திருக்கு. ஞாயித்துக்கிழமை ஸ்டூடியோ லீவு. ஒரு நாள் இரவல். பதிலுக்குத் தன் பழைய பெட்டியை இங்க வெச்சார், யாராவது வந்து பாத்தாலும் மெஷின் ஓடணுமே. ஒரே கம்பெனி, ஒரே வாய். இந்தக் கட்டெல்லாம் அவிழ்க்க யாருக்குப் பொறுமை? கேபிளை அப்படியே விட்டுட்டுப் பெட்டியை மட்டும் மாத்தினார். இங்க செஞ்ச தப்பை வீட்டுலயும் செஞ்சார். தன்னோட பழைய கேபிள்ல இந்தப் பெட்டியைச் சொருகினார். அதனால அவர் வீட்டுலயும் டிஸ்க் மட்டும் செத்துச்சு. மத்ததெல்லாம் ஓடுது."

எல்லோரும் சவுண்ட் இன்ஜினியரைப் பார்த்தார்கள். அவர் டீ தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். கண்டக்டர் தன் வாழ்நாளில் பார்த்த டிக்கெட் எடுக்காத முகங்களிலேயே மிகச் சாதுவான முகம் அதுதான். அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"ஒரு நாளுக்குத்தான் சார்" என்றார் சவுண்ட் இன்ஜினியர், தரையைப் பார்த்தபடி. "வீட்டுல போனப்ப கரண்ட்டுனுதான் நினைச்சேன். திங்கட்கிழமை காலைல திருப்பி வெச்சிடலாம்னு சீக்கிரமே கிளம்பினேன். அதுக்குள்ள அம்மா வந்துட்டாங்க, சுவிட்சைப் போட்டுட்டாங்க. வேணும்னு செய்யல சார்."

"வேணும்னு செய்யல. சரி." முதல் தடவையாகச் சாம்பலாரின் குரல் உயர்ந்தது. "பெட்டியை மாத்தினது அறியாமை. அதை மன்னிக்கலாம். ஆனா டேட்டா எடுக்கற இடத்துல காட்டினேன்னு சொன்னீங்களே, இந்த டிஸ்க்கைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூவைப் பாருங்க. தலையில தூசு கலையாம இருக்கு. இந்த டிஸ்க் இந்த இடத்தை விட்டு நகரவே இல்ல. அம்மாகிட்ட, இனி அதை நினைக்காதீங்கன்னு சொன்னீங்க. யாரும் இதைத் தோண்டக் கூடாது, அவ்வளவுதான் உங்க கவலை. அந்த அம்மா தொண்டையை அறுத்துக் கொடுத்துட்டு, மிச்சம் வெச்சிருந்தது இது ஒண்ணுதான்யா!"

குரல்காரம்மா எழுந்தார். பலகையில் எழுதினார். "நீயா" என்று இருந்தது. அழித்தார். மறுபடி "நீயா" என்றே எழுதினார். வேறு எதுவும் வரவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது. காற்று மட்டும் வந்தது. இத்தனை பேர் குரல் உள்ள அறையில், கத்த வேண்டிய ஒருவரால் மட்டும் கத்த முடியவில்லை. கண்டக்டருக்குத் தாங்கவில்லை. "ஏன்யா, உனக்கெல்லாம் சோறு எப்படிய்யா இறங்குது?" என்று அவருக்காக இவர் கத்தினார். அது போதவில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

"சம்பந்தி, உக்காருங்க. இன்னும் வேலை இருக்கு" என்றார் சாம்பலார். "எப்படிச் செத்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் எது செத்துச்சுன்னு தெரியும். கரண்ட் ஏறி எல்லாம் கருகிடுச்சுன்னு நம்பினா குப்பையில போட வேண்டியதுதான். ஆனா இங்க நடந்தது, அஞ்சு வோல்ட் வழியில பன்னெண்டு நுழைஞ்சது. இதுக்குன்னே டிஸ்க்ல ஒரு காவல்காரன் இருப்பான், இல்லையாம்மா?"

கடைப் பெண் அதற்குள் ஒரு டிஸ்க்கைக் கழற்றி, பச்சைப் பலகையைத் திருப்பி, மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துவிட்டாள். மீட்டர் கீச்சென்று கத்தியது.

"இருக்கான். செத்துட்டான்" என்றாள். "அளவுக்கு மேல வோல்ட் வந்தா, தான் செத்து வழியை அடைச்சுக்கற சின்ன டயோடு. இவன் செத்தா டிஸ்க் சுத்தாது. ஆனா உள்ள இருக்கறதுக்கு அநேகமா ஒண்ணும் ஆகியிருக்காது." அவள் சவுண்ட் இன்ஜினியரைப் பார்த்த பார்வையில் கோலைச் சூடாக்கவே தேவையில்லை. "திங்கட்கிழமையே என்னை மேல விட்டிருந்தா, அன்னைக்கே சொல்லியிருப்பேன்!"

செத்த காவல்காரனை உருக்கி எடுத்தாள். இனி இந்த டிஸ்க்குக்குக் காவல் இல்லை, பதிவை எடுத்ததும் ஓரம் கட்டிவிட வேண்டும் என்று எச்சரித்தாள். டிஸ்க்கை மறுபடி மாட்டி, பெட்டியை ஃபேன் மேலே பார்க்க வைத்து முடுக்கினாள். சுவிட்சைப் போட்டாள். ஃபேன் அசையவில்லை. டிஸ்க் ஒரு முறை முனகியது. பிறகு சீராகச் சுற்ற ஆரம்பித்தது. திரையில் வரிசை வரிசையாகக் கோப்புகள் வந்து நின்றன.

கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசு என்று யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

குரல்காரம்மா மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நன்றி, தண்ணீர், பசி எல்லாவற்றையும் தாண்டிக் கீழே கீழே போனார். அவரே சேர்த்துக்கொண்ட வரிகள் கடைசியில் இருந்தன. ஸ்டூடியோவின் பெரிய ஸ்பீக்கர்களின் சத்தத்தை முழுசாகத் திருப்பினார். சவுண்ட் இன்ஜினியரை நேராகப் பார்த்தபடி ஒரு வரியை அழுத்தினார்.

"எந்திரிச்சு வெளிய போடா!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எத்தனையோ படங்களில் எத்தனையோ பேர் வாயிலிருந்து வந்த குரல். முதல் தடவையாக அதன் சொந்தக்காரிக்காகக் கத்தியது. சவுண்ட் இன்ஜினியர் எழுந்தார். தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கையோடு எடுத்துக்கொண்டே படி இறங்கிப் போனார். முதலாளி அவரைக் கூப்பிடவில்லை.

அம்மாள் மறுபடியும் பட்டியலின் மேலே போனார். இந்த முறை தேடுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். சத்தத்தைக் குறைத்தார். கடைப் பெண்ணின் பக்கம் திரும்பி, தலை நிமிராமல் அழுத்தினார்.

"மன்னிக்கவும்" என்றது அதே குரல், பட்டியலில் எழுதிக் கொடுத்தபடி, மிக மரியாதையாக.

கடைப் பெண் கோலின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இன்னும் முழுசாக இறங்கியிருக்கவில்லை.

"அவனுக்கு மட்டும் அவ்வளவு சத்தமா?" என்றாள். "என் போர்டைக் கிழிச்சது தெருவுக்கே தெரியும். ஜன்னலைத் திறந்து வெச்சு, முழுச் சத்தத்துல இன்னொரு தடவை போடுங்க."

குரல்காரம்மா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.